உழவு இயந்திரத்தின் பற்றறியும் மின்னேற்றக் குறைபாடுகளும்

மழை விழுந்து நிலம் பதப்பட்ட நாளில் உழவு இயந்திரம் இயங்க மறுப்பின் அன்றைய ஈரம் வீணாகும், விதைப்புப் பிந்தும். சூடடிக்குங் காலத்தில் இவ்வாறு நேரின் அறுத்த நெல் மழையில் நனையும். இத்தகைய வேளையிற் கமக்காரர் பலர் பற்றறியையே குறைகூறிப் புதியதொன்றை வாங்குகின்றனர். குற்றம் வேறிடத்தில் இருப்பின் புதிய பற்றறியும் சின்னாட்களில் ஓய்ந்துவிடும். ஆகவே, பணத்தைச் செலவிடுமுன் குற்றம் எங்குளதென அறிதல் வேண்டும்.

எஞ்சினைத் தொடக்கும்போது பற்றறி மின்னை இழக்கின்றது. எஞ்சின் ஓடும்போது, வார்ப்பட்டியாற் சுழற்றப்படும் ஓல்ற்றனேற்றர் என்னும் மின்பிறப்பாக்கி அவ்விழப்பை ஈடுசெய்கின்றது. எனவே, குற்றம் பற்றறியிலோ, மின்பிறப்பாக்கியிலோ, இரண்டையும் இணைக்குங் கம்பியிலோ இருத்தல் கூடும்.

கண்ணாற் பார்த்தல்

எஞ்சினை நிறுத்திய பின், பற்றறி முனைகளில் வெண்மையான அல்லது பச்சையான பூப்பு உண்டாவெனப் பார்க்க. உண்டாயின் அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்குக. சோடா நீர் அறைகளுள் புகலாகாது. வார்ப்பட்டியின் நடுவிடத்தைப் பெருவிரலால் அழுத்துக. அரை அங்குலத்துக்கு மேல் மிகவுந் தாழுமாயின் பட்டி தளர்ந்துள்ளது. தளர்ந்த பட்டி வழுக்குவதால் மின்னேற்றங் குறையும்.

மூடி திறக்கக்கூடிய பற்றறியில், தகடுகளுக்கு மேல் ஏறத்தாழ 1 சதமமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்றல் வேண்டும். குறையின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றுதல் தவறு.

வோல்ற்றுமானியாற் சோதித்தல்

1. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ற்றுப் பற்றறியை அளக்க. 12.6 வோல்ற்று அளவிற் காட்டின் அது நிறைந்துள்ளது. 12.0 காட்டின் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது.

2. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மீண்டும் அளக்க. 13.8 முதல் 14.4 வரை காட்டின் மின்னேற்றம் நன்று. 13-க்குக் குறையின் மின்னேற்றம் இல்லை. 15-ஐத் தாண்டின் மின்னேற்றம் மிகுந்து, பற்றறியின் நீர் விரைவில் வற்றும். ஒழுங்காக்கியைச் சோதிப்பித்தல் வேண்டும்.

3. மின்னேற்றங் குறைவாயின், மின்பிறப்பாக்கியின் வெளியீட்டு முனையையும் அளக்க. அங்கு 14 இருந்து பற்றறியில் 12.5 மட்டும் இருப்பின், இடையிலுள்ள கம்பியோ இணைப்போ பழுதாகும். இரண்டிடத்துங் குறைவாயின் மின்பிறப்பாக்கியையோ அதன் ஒழுங்காக்கியையோ ஐயுறுக.

4. மின்னேற்றம் சரியாக இருந்தும் பற்றறி விரைவில் ஓயின், நீர்மானியால் ஒவ்வோர் அறையையும் சோதிக்க. ஓர் அறை மற்றவற்றினும் 0.05 அளவு குறைந்து காட்டின் அவ்வறை கெட்டது. அப்போதே புதிய பற்றறி வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் மின்னேற்ற விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைதல் வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிடின் குமிழோ கம்பியோ பழுதாகும். சில இயந்திரங்களில் இக்குற்றமே மின்னேற்றத்தையுந் தடுக்கும்.

எச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போது பற்றறியைக் கழற்றலாகாது, மின்பிறப்பாக்கி கெட்டுவிடும். கழற்றும்போது இயந்திர உடலுடன் இணைந்த முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கொள்க. பழைய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே உடலுடன் இணைந்திருக்கும். மின்னேற்றத்தின்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு எழுதலால், அருகிற் சுருட்டோ பீடியோ விளக்கோ வேண்டா. அமிலம் உடலிற் பட்டால் உடனே நிறைந்த நீராற் கழுவுக; கண்ணிற் பட்டால் கழுவியபின் வைத்தியரிடஞ் செல்க. ஓடும் பட்டியருகே சாரமுந் தளர்ந்த உடையுந் தொங்கலாகாது.

அளந்த எண்களை ஒரு தாளிற் குறித்துத் திருத்துநரிடங் கொண்டுசெல்க. குற்றம் உள்ள இடத்தை அவர் எளிதில் அறிவார். உங்களுக்கும் வீண்செலவு நீங்கும். இச்சோதனையை விதைப்புக்குமுன் ஒருமுறையும் அறுவடைக்குமுன் ஒருமுறையும் செய்துகொள்ளுதல் நன்று.