தோட்ட விளைபொருள்களைக் கைத்தொலைபேசி மூலம் விற்பனை செய்தல்

தெல்லிப்பழைச் செம்மண்ணில் விளையும் வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் புகழுரை வேண்டியதில்லை. எனினும் அவற்றை விளைவிக்கும் கமக்காரனுக்குக் கிடைக்கும் பணம் அவனுடைய உழைப்புக்கு ஈடாக இருப்பதில்லை. காரணம் வெளிப்படையானது. விடியுமுன் சுன்னாகத்துக்கோ மருதனார்மடத்துக்கோ கொண்டுசென்ற காய்கறியை மீண்டும் வீட்டுக்கு ஏற்றிவர எவரும் விரும்பார். ஆதலின் அன்று சொல்லப்படும் விலையே விலை. இதற்கு மேலாகக் கழிவு என்ற பெயரில் நூற்றுக்குப் பத்து வரை பிடிக்கும் வழக்கமும் குடாநாட்டில் நெடுங்காலமாகக் குறைகூறப்பட்டு வந்துள்ளது. தமிழ் நாட்டில் இத்தகைய குறைக்குப் பரிகாரமாகவே 1999 ஆம் ஆண்டு மதுரையில் முதலாவது உழவர் சந்தை திறக்கப்பட்டது. உற்பத்தியாளன் இடையில் ஒருவருமின்றித் தானே நின்று விற்பது அதன் நோக்கம்.

அத்தகைய சந்தையொன்றைத் தன் வளவிலிருந்தே நடத்துவதற்கு இன்று வட்ஸ்அப், பேஸ்புக் ஆகிய சாதனங்கள் உதவுகின்றன. வலிகாமம் வடக்கில் இதற்குத் தனியான தேவையும் உண்டு. 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, காணிகள் விடுவிக்கப்பட்டபின் திரும்பிய குடும்பங்கள் கிணற்றை இறைத்துப் பற்றையை வெட்டித் தோட்டத்தை மீட்டுக்கொண்டன. ஆனால் முன்பு வாடிக்கையாக வாங்கியோர் இப்போது அங்கில்லை. மண்ணைத் திருத்துவது போலவே வாடிக்கைக்காரரையும் புதிதாகத் தேட வேண்டியுள்ளது.

எல்லா விளைபொருளும் இம்முறைக்கு ஏற்றவை அல்ல என்பதை முதலில் உணர வேண்டும். நன்கு உணர்த்திக் கட்டுகளாகத் தொங்கவிட்ட சின்ன வெங்காயம் மிக ஏற்றது. அது விலைக்காகக் காத்திருக்கக் கூடியது. விதை வெங்காயம் அதனினும் ஏற்றது. அதை வாங்குவோர் பிற கமக்காரர் ஆதலின், கட்டு தொங்கும் கொட்டிலையும் வெங்காயத்தின் பருமனையும் படத்தில் கண்டே கேட்டு வருவர். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்களைப் புழுக்கிக் குற்றிய அரிசியும், பருவகாலத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் தூரத்து வீடுகளுக்கும் செல்லக் கூடியன. கீரை வகைகளையும் தக்காளியையும் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் விற்க முயல்வது வீண்.

தொடங்குவதற்குப் பெருஞ் செலவு இல்லை. 2018 ஆம் ஆண்டு முதல் சிறு வியாபாரிகளுக்கெனத் தனி வட்ஸ்அப் செயலி இலவசமாகக் கிடைக்கிறது; அதில் பொருள்களின் படத்தையும் விலையையும் ஒரு பட்டியலாக வைக்கலாம். அயலிலுள்ள ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர், வங்கி அலுவலர் முதலியோர் முப்பது பேரின் இலக்கங்களை அவர்தம் சம்மதத்துடன் பெற்றுக்கொண்டால் அதுவே போதிய தொடக்கமாகும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதி உண்டு. ஆனால் கமக்காரனுடைய இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் பதிந்து வைத்தவர்களுக்கே அச்செய்தி போய்ச் சேரும். இதை அறியாதவர் பலர், ஒருவரும் வாங்கவில்லையென்று மனஞ்சோர்ந்து விட்டுவிடுகின்றனர்.

செய்தியை அறுவடைக்கு முதல் நாள் மாலையில் அனுப்புதல் வேண்டும். காலையில் அனுப்பினால் அன்றைய கறிக்கு வேண்டியதை வாங்கி முடித்திருப்பார்கள். இரவு எட்டு மணிவரை வரும் கேள்வியைக் கணக்கிட்டு, அவ்வளவையே மறுநாள் இவர்களுக்கென ஒதுக்கிப் பிடுங்கலாம். எஞ்சியது வழமைபோலச் சந்தைக்குச் செல்லட்டும். படம் காலை வெயிலில், தோட்டத்திலேயே எடுக்கப்பட வேண்டும். பொருள், நிறை, விலை, பிடுங்கும் நாள், பெற்றுக்கொள்ளும் இடம் ஆகிய ஐந்தும் செய்தியில் இருக்க வேண்டும். விலையை எழுதாது ‘தொடர்பு கொள்க’ என்று விடுவது தவறு. விலை தெரியாத பொருளைக் கேட்கக் கூச்சப்படுவோரே பெரும்பாலார். பிறருடைய அழகிய படத்தை எடுத்துப் போடுவதோ அதனினும் கேடு.

இதனால் எவ்வளவு இலாபம் வரும்? ஓர் எடுத்துக்காட்டாக, சந்தை விலை கிலோ நூறு ரூபாவென்றும் கழிவு பத்து வீதமென்றும் கொள்வோம். நூறு கிலோ கத்தரிக்காயையும் சந்தையில் விற்றால் கையில் 9,000 ரூபா. முப்பது கிலோவை 140 ரூபா வீதம் நேரடியாக விற்றால் 4,200 ரூபா. பைக்கும் எரிபொருளுக்கும் 600 போக 3,600. மீதி எழுபது கிலோ சந்தையில் 6,300. மொத்தம் 9,900 ரூபா. ஆக மிகுதி 900 ரூபாவே. வீடு வீடாகச் சென்று கொடுப்பதில் அரைநாள் கழியுமாயின் இந்த மிகுதி கூலிக்கே போய்விடும். ஆகவே சந்தியிலுள்ள ஒரு கடையில் அல்லது கோவிலடியில் குறித்த நேரத்துக்கு வந்து வாங்கும்படி ஒழுங்கு செய்தல் நன்று. ஐந்தாறு கமக்காரர் சேர்ந்து ஒருவர் கத்தரி, ஒருவர் பயிற்றை, ஒருவர் வாழைப்பழம் என ஒரே பையில் இட்டு விற்பாராயின், வாங்குவோருக்கும் வேறிடம் போகத் தேவையில்லை. விலையைத் தீர்மானிக்கும்போது ஹெக்டர் கொப்பேகடுவ நிறுவனம் வெளியிடும் மொத்த விலை விபரங்களைப் பார்த்துக்கொள்வது பயன்தரும்.

பேஸ்புக் பக்கம் வேறு வகையானது. அது பெயரைப் பரப்பும், கத்தரிக்காயை விற்காது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து ஊர்த் தோட்டத்தின் படத்துக்கு விருப்பக் குறியிடுவோர் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அவர்களுட் சிலர், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு வாரந்தோறும் காய்கறி கொடுக்கும்படி பணம் அனுப்பக்கூடும் என்பதே அதிலுள்ள உண்மையான வாய்ப்பு. பணம் கொடுத்து விளம்பரம் செய்வதாயின், அது காட்டப்படும் இடத்தைத் தெல்லிப்பழைக்கு அண்மையிலுள்ள பகுதியாகக் குறுக்கிவிட வேண்டும். இன்றேல் வாங்கவே முடியாதவர்களுக்குக் காட்டிக் காசு கரையும். முன்பணம் பெறும்போது, அனுப்பப்பட்ட பற்றுச்சீட்டின் படத்தை மட்டும் நம்பாமல் வங்கிக் கணக்கில் வந்துசேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூரில் ஊர்ப்பெயராலேயே விலைபோயிற்று. பெயருக்குள்ள அந்த மதிப்பு இச்சாதனங்களில் விரைவில் உண்டாகும். அதனினும் விரைவில் அழியும். பூச்சிநாசினி தெளித்து, குறித்த நாட்கள் கழியுமுன் பறித்த காயை ‘நஞ்சற்றது’ என்று எழுதி விற்றவனைப் பற்றிய செய்தி அன்று இரவே எல்லாக் குழுக்களிலும் பரவிவிடும். அழுகிய வெங்காயம் கலந்துவிட்டதென்று ஒருவர் அறிவித்தால், வாதம் செய்யாது மாற்றிக் கொடுப்பதே சிக்கனம்.

இன்னொன்று. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரிலிலும், 2022 ஏப்ரிலிலும் இச்சேவைகள் இலங்கையில் அரசினால் தடைசெய்யப்பட்டன. தொலைபேசி கிணற்றில் விழுவதும் உண்டு. ஆகவே வாடிக்கைக்காரரின் பெயர், இலக்கம், அவர் வழமையாக வாங்குவது, தரவேண்டிய பாக்கி ஆகியவற்றை ஒரு கொப்பியில் மையினால் எழுதி, வாரத்துக்கு ஒருமுறை திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.