மதுரைக்கு ஐந்தே முக்கால் மணி, கியோட்டோவுக்கு இரண்டே கால் மணி



திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் படிக்க வரும் என் மாணவன் ஒருவன், ஒரு நாள் வகுப்பில் எழுந்து கேட்டான். "சார், நம்ம பக்கம் மலையா இருக்கு, பெரிய ஆறா இருக்கு? பொட்டல் காடுதானே! நூல் பிடிச்ச மாதிரி தண்டவாளம் போட்டு ஜப்பான்காரன் மாதிரி ரயில் விட்டா என்ன?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறான். மழை பொய்த்தால் வீட்டுக்கு ஒருவர் வெளியூர் போவது இந்த வானம் பார்த்த பூமியின் வழக்கம். அவர்களுக்குப் பயண நேரம் என்பது வெறும் கணக்கு அல்ல.

முதலில் இரண்டு பயணங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். சென்னை எழும்பூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 490 கி.மீ. டோக்கியோவிலிருந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக இருந்த கியோட்டோ, அதிவேக இருப்புப்பாதை வழியே 476 கி.மீ. தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வந்தே பாரத் வண்டி மதுரையை அடையச் சுமார் ஐந்தே முக்கால் மணி ஆகிறது. ஜப்பானிய வண்டிக்கு இரண்டே கால் மணி போதும். சராசரி வேகம் அங்கே மணிக்கு 212 கி.மீ.; இங்கே 85 கி.மீ.

எஞ்சினுக்குப் போதிய வலு இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத், மணிக்கு 180 கி.மீ. ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. ஜப்பானிய வண்டியைப் போலவே அதிலும் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பல பெட்டிகளின் அச்சுகளில் பகிர்ந்து பொருத்தப்பட்டுள்ளன. தடை வண்டியில் இல்லை, பாதையில் இருக்கிறது.

ஜப்பானின் பழைய ரயில்பாதை 1,067 மி.மீ. அகலமே உடையது. டோக்கியோவிலிருந்து ஒசாகா செல்ல ஆறரை மணி ஆகும். அதைச் செப்பனிடாமல், 1,435 மி.மீ. அகலத்தில் முற்றிலும் புதிய பாதை ஒன்றை அமைக்க வேண்டும் என்றார்கள் ரயில்வேத் தலைவர் ஷின்ஜி சோகோவும் பொறியாளர் ஹிடியோ ஷிமாவும். 'விமானமும் மோட்டாரும் வந்துவிட்ட காலத்தில் ரயில் எதற்கு?' என்று பலர் கேலி செய்தனர். 1959-இல் வேலை தொடங்கியது. செலவு எக்கச்சக்கமாக ஏறவே, 1963-இல் இருவரும் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1964 அக்டோபர் 1 அன்று முதல் வண்டி மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஓடியது.

புதிய பாதையில் என்ன விசேஷம்? முக்கியமாக வளைவுதான். பஸ் திருப்பத்தில் வேகமாகத் திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்கிறோம் அல்லவா? வளைவில் ஓடும் பொருளுக்குத் தேவைப்படும் மையநோக்கு முடுக்கம், வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 1,000 மீ. ஆரமுள்ள வளைவில் 130 கி.மீ. வேகத்தில் சென்றால் அது 1.3 மீ./வி². அதே வளைவில் 210 கி.மீ. வேகம் என்றால் 3.4 ஆகிவிடும். புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு! வெளித் தண்டவாளத்தை உயர்த்திச் சாய்வு கொடுத்தாலும் ஓரளவுக்குத்தான் சமாளிக்க முடியும். ஆகவே ஜப்பானியர் ஆரத்தை 2,500 மீட்டருக்குக் குறையாமல் வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மறுபடியும் ஏறத்தாழ 1.36 தான் வரும். நமது சென்னை–மதுரைப் பாதையோ மீட்டர்கேஜாக இருந்தது. பின்னர் பெரும்பாலும் பழைய வழித்தடத்திலேயே அகலப்படுத்தப்பட்டது. பழைய வளைவுகளும் கூடவே வந்தன.

சரி, எங்கள் பொட்டலில் வளைவு தேவையில்லையே என்பான் என் மாணவன். அங்கேதான் கரிசல் மண் குறுக்கே நிற்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கால் நுழையும் அளவுக்கு விரியும். ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்பும். வீட்டுச் சுவரில் விரிசல் விடுவது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதல்ல. இந்த மண்மீது போட்ட ரயில் கரையும் அப்படியே ஏறி இறங்கும். ஸ்லீப்பர் கட்டைகள் சுமார் 60 செ.மீ. இடைவெளியில் கிடக்கின்றன. 130 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரம் வினாடிக்கு 60 கட்டைகளைத் தாண்டும். எங்காவது ஒரு கட்டை சற்றே தாழ்ந்திருந்தாலும் சக்கரம் அங்கே சம்மட்டியாக இறங்கும். அதனால்தான் ஜல்லிக்கும் கரிசலுக்கும் நடுவே சரளை போன்ற, நீரில் உப்பாத மண்ணைத் தடித்த அடுக்காகப் போடுகிறார்கள். செலவு பிடித்த வேலை.

மூன்றாவது தடை, நாமே. என் சிறு வயதில் எங்கள் ஊர்க் கீதாரி ஒருவர் கிடையை ஓட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார். தூரத்தில் வண்டி தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று நினைத்தார். அவர் பிழைத்தார், பதினோரு ஆடுகள் போயின. அவர் கண்ணை ஏமாற்றியது எது? நேர் எதிரே வரும் வண்டி நகர்வதாகவே தோன்றாது. பெரிதாவது மட்டும்தான் தெரியும். 130 கி.மீ. வேக வண்டி 1 கி.மீ. தொலைவில் தெரிந்தால், அது இரு மடங்கு பெரிதாகத் தோன்ற 14 வினாடி ஆகும். அடுத்த இரு மடங்குக்கு 7 வினாடி. அதற்கடுத்து மூன்றரை வினாடி. பிறகு இன்னொரு மூன்றரை வினாடியில் வண்டி உங்கள்மேல் இருக்கும். வெகுநேரம் நிற்பதுபோல் இருந்துவிட்டு, கடைசியில் பாய்கிறது.

ஓட்டுநர் பார்த்தாலும் பயன் குறைவு. வினாடிக்கு வினாடி 0.7 மீ./வி வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், 130 கி.மீ. வேக வண்டி நிற்க ஏறத்தாழ 930 மீ. வேண்டும். இன்று ஜப்பானில் ஓடும் 285 கி.மீ. வேகத்துக்கு நாலரை கி.மீ.! வழியோரக் கைகாட்டியைப் பார்த்து ஓட்டுவது இயலாத காரியம். எனவே அங்கே அனுமதித்த வேகம் ஓட்டுநர் அறைக்குள்ளேயே காட்டப்படுகிறது. மீறினால் பிரேக் தானே விழும். லெவல் கிராசிங் ஒன்றுகூடக் கிடையாது. நம் நாட்டில் அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் 2019-இல்தான் முற்றாக ஒழிந்தன. ஆனால் கேட்டு இல்லாத இடத்தில் நடந்து கடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தினமும் பார்க்கிறேன்.

நம் நாட்டில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கி.மீ. நீளத்தில் அதிவேகப் பாதை ஒன்று கட்டப்பட்டு வருகிறது. 2017-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பெரும்பகுதி தூண்களின்மேல் செல்கிறது. தூணின் அடித்தளம் உப்பும் மேல்மண்ணைத் தாண்டி ஆழத்தில் உறுதியான படிவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அதே மாணவன் மறுபடி எழுந்தான். "அப்போ ஆடுகள் எப்படி சார் கடக்கும்?"

"தூணுக்கு நடுவே, நிழலில்" என்றேன். இந்தத் தடவை அவனும் சிரித்தான்.