ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, மூச்சு மட்டும் வாங்குகிறது

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரியின் 24 படிகளை ஏற வேண்டும். ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். நுரையீரலைத் தாக்கிய நோயிலிருந்து எழுந்து ஆறு மாதம் ஆன ஒருவருக்கு அதே படிகள் செங்குத்தான மலையாகிவிடும். பாதியில் நின்று, தூணையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவார். காய்ச்சல் போய்விட்டது. இருமலும் இல்லை. எக்ஸ்ரே சுத்தம், விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே" என்கிறார்கள். அவருக்கோ மூச்சு வாங்குகிறது, உடம்பு அடித்துப்போட்டது போல் கிடக்கிறது.

இந்த ஊரில் உடம்பை அளக்கத் தறியும் ஒன்று இருக்கிறது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை எறிந்து, ஒவ்வொரு ஊடைக்கும் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருந்தால் மிதி இன்னும் கனக்கும். உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இடுப்பை வளைத்து, நெஞ்சை ஒடுக்கி, கையும் காலும் ஓயாமல் செய்யும் வேலை அது. நெய்த சேலைக்குத்தான் கூலி. அசதிக்கு விடுப்பு கிடையாது.

மூச்சிரைப்பைத் தொழிலாளியின் அன்றாடத்தை வைத்து அளப்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்த சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர், கருவி எதுவும் இல்லாமல் சில கேள்விகளால் ஓர் அளவுகோலை உருவாக்கினார். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா? சமவயதுக்காரர்களோடு சமதரையில் நடக்க முடிகிறதா? நூறு மீட்டரில் நிற்க வேண்டியிருக்கிறதா? உடை மாற்றும்போதே மூச்சு வாங்கினால் அது உச்சநிலை. அந்த அளவுகோலின் திருத்திய வடிவத்தைத்தான் உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்விகள் லட்சக்கணக்கானோருக்குச் சொந்தக் கேள்விகளாயின. தொற்று போன பிறகும் நீளும் இந்தத் தொந்தரவுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், நோயுற்றவர்கள். 2020 மே மாதம் இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரெகோ தன் நிலையை 'லாங் கோவிட்' என்று எழுதினார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில்தான் வரையறை வகுத்தது: தொற்று தொடங்கி 3 மாதம் கழிந்த பிறகும் தொந்தரவு இருக்க வேண்டும், குறைந்தது 2 மாதமாவது அது நீடித்திருக்க வேண்டும், வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. அசதியும் மூச்சிரைப்பும் மறதியும் அதில் முன்வரிசையில் நிற்கின்றன.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த ஆய்வு இங்கே முக்கியமானது. நுரையீரல் மருத்துவர் டி.ஜே. கிறிஸ்டோபரும் அவரது குழுவினரும் கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரைச் சோதித்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சோதித்தபோது சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் ஏறத்தாழப் பாதிப் பேர் மூச்சிரைப்பைச் சொன்னார்கள். 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் விரியும் அளவு குறைந்திருந்தது. காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கடக்கும் திறன் 44 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது.

அந்தக் கடைசி எண்ணைப் பட்டு நெய்யும் ஊரார் எளிதில் புரிந்துகொள்வார்கள். நுரையீரலின் காற்றறைகளை எல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். பத்துப் பதினோரு பட்டுச்சேலைகளின் பரப்பு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரோ பட்டுப்புழு இழுக்கும் ஒற்றை இழையின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அது கொஞ்சம் தடித்தாலும் தழும்பேறினாலும் ஆக்ஸிஜன் கடப்பது தாமதமாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது, ஆக்ஸிமீட்டரும் காட்டாது. குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரியும் காற்றின் அளவையும் வேகத்தையும் மட்டுமே பார்க்கிறது. வாயு கடக்கும் திறனை அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும்.

அதையும் தாண்டிய நுட்பங்கள் வந்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபெர்கஸ் க்ளீசன் குழுவினர் நோயாளிகளைச் செனான் வாயுவை உள்ளிழுக்கச் செய்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, சி.டி. ஸ்கேனில் சரியாகத் தெரிந்த நுரையீரல்களிலேயே குறை தென்பட்டது. 'ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை' என்றால் அந்தச் சோதனைக்கு எதுவும் தெரியவில்லை என்பதே பொருள். அதைக் கேட்டு நோயாளியை "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிடுவது அநியாயம்.

எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் கட்டுவதும் ஆபத்துதான். ரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு ஆகியவையும் இதே முகத்தோடு வரும். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ காசநோய்க்கான சளிப் பரிசோதனை உடனே வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கு நுரையீரல் தழும்பாலேயே மூச்சு வாங்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ரத்தக்கட்டு நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் இல்லை என்றான பிறகு வீட்டில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "படுத்தே கிடந்தா எப்படி? நடந்தா தானா சரியாகும்." சிலருக்கு அது பலிக்கும். சிலருக்கு இன்று அதிகம் செய்த வேலைக்கு நாளையோ மறுநாளோ உடம்பு படுத்துவிடும். அது சோம்பல் இல்லை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இத்தகைய 25 பேரைச் சிறிது நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான அந்த ஆய்வில், உழைப்புக்குப் பின் தசை மேலும் பழுதுபட்டிருந்தது தெரிந்தது.

இவர்களுக்கு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வது உதவும். களைத்த பிறகு இளைப்பாறுவதைவிடக் களைப்பதற்கு முன்பே தறியிலிருந்து எழுந்துவிட வேண்டும். மூச்சு வாங்கும்போது முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்பக்கம் சாய்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினால் தணியும். கோர்வைச் சேலைக்குக் கரை நாடா எறிய எப்படியும் இன்னொருவர் பக்கத்தில் உட்காருகிறார். அதேபோல வீட்டார் கைமாற்றிக் கொடுத்தால்தான் இந்த ஓய்வு நடக்கும். வைத்தியத்தில் பாதி அந்த வீட்டாரிடம் இருக்கிறது.

லண்டனில் இன்னொரு வழி பிறந்தது. இங்கிலிஷ் நேஷனல் ஓபராவின் பாடகர்கள் மருத்துவர்களோடு சேர்ந்து, மூச்சிரைப்பு தீராதவர்களுக்கு ஆறு வாரம் இணையவழியே பாடக் கற்றுக்கொடுத்தார்கள். பாடப் பொருள் தாலாட்டு. சிறு சிறு அடிகள், நீண்டு அடங்கும் மூச்சு, பாடுபவரையே அமைதிப்படுத்தும் ராகம். 150 பேரிடம் நடந்த சோதனையில் மனநலம் மேம்பட்டது. மூச்சிரைப்பின் ஓர் அளவிலும் குறைவு தெரிந்தது. நோய் தீர்ந்துவிடவில்லை, ஆனால் மூச்சைக் கண்டு பயப்படுபவருக்கு மனம் தேறுவதே பெரிது. மூச்சு முட்டி நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களிடமோ மருத்துவரிடமோ காட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்த நாள் எவ்வளவு நேரம் தறியில் உட்கார்ந்தார், மறுநாள் உடம்பு எப்படி இருந்தது, தண்ணீர்க் குடம் தூக்க முடிந்ததா என்று அதில் எழுதி வரலாம். கோயிலுக்குப் போன நாளில் எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்கினார் என்பதும் அதில் இருக்கட்டும்.