வாய் அவிந்தால் என்ன செய்வோம்?

“சோறும் இருக்குது, கறியும் இருக்குது. வாயிலதான் வைக்க ஏலாமல் கிடக்குது.”

சல்லியில் ஒரு மர நிழலில் தாய்மாரோடு கூடியிருந்தபோது ஓர் அக்கா எம்மிடம் சொன்னது இது. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரத்தில் உள்ள ஊர் சல்லி. போரும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையும் இந்தக் கரையோர மக்களை அலைக்கழித்தன. அன்று அங்கே பேச்சு வாய்ப்புண் பற்றித் திரும்பியதும் அநேகமாக எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. “சூட்டினால் வருவது” என்றார் ஒருவர். “பல்லி எச்சம்” என்றார் இன்னொருவர். ஆகவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல

உதட்டின் வெளியே, விளிம்பில் வருவது உதட்டுக் கொப்புளம். முதலில் அந்த இடம் குறுகுறுக்கும், எரியும். பின் சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக எழும்பி, உடைந்து, பொருக்குக் கட்டும். இதற்குக் காரணம் ஹேர்பீஸ் என்னும் வைரசுக் கிருமி. பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 50 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய 64 சதவீதத்தினரிடம் இக்கிருமி உண்டு. அநேகருக்குச் சிறு வயதிலேயே தொற்றிவிடும். பிறகு அது முகத்து நரம்பில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், மனச்சுமை, உடற்களைப்பு, மாதவிடாய் வரும்போது மறுபடி தலைகாட்டும். வெயிலில் வேலை செய்யும் எமக்கு இது அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

வாயின் உள்ளே, கன்னத்திலும் நாக்கிலும் உட்பக்க உதட்டிலும் வருவது வாய்ப்புண். நடு வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருக்கும், சுற்றிவரச் சிவந்திருக்கும். இது ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கூரான பல் உரசுதல், கன்னத்தைக் கடித்துக்கொள்ளுதல், கொதிக்கும் தேநீர், மனக்கவலை, இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் பி12 ஆகியவற்றின் குறைவு என்பன இதற்கு ஏதுவாகும். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும்.

நிவாரண அரிசியும் வாய்ப்புண்ணும்

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. அரிசி, மா, பருப்பு, சீனி என்று உலர் உணவு கிடைக்கும். கீரை, பழம், மீன், முட்டை கிடைக்காது. வயிறு நிறையும், சத்துச் சேராது. பூட்டானிலிருந்து வெளியேறி 1990 களில் நேபாளத்து முகாம்களில் தங்கியிருந்த அகதிகளுக்கு இதுவே நேர்ந்தது. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியிருந்த அவர்களிடையே பெரிபெரி நோயும், வாயின் இரு ஓரமும் வெடித்துப் புண்ணாகும் கடைவாய்ப் புண்ணும் காணப்பட்டன. பி வகை விற்றமின்களின் குறைவே அதற்கு முக்கிய காரணம்.

முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் விற்றமின் சி குறைவாகவும் இருக்கலாம். முன்னாளில் கடலோடிகளை வாட்டிய ஸ்கேர்வி நோய் அதுவே. பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தேசிச்சாறு கொடுக்கும்படி கட்டளையிட்டது 1795 இல். அதே ஆண்டில்தான் பிரித்தானியர் திருகோணமலைத் துறைமுகத்தையும் பிடித்தார்கள். அன்று கப்பற்காரனுக்கு அருமையாயிருந்த தேசிக்காய் இன்று எமது வளவில் காய்க்கக்கூடியது. (புண் உள்ளபோது புளி எரிக்கும். ஆறிய பின் சாப்பிடுங்கள்.)

தறப்பாள் கொட்டிலோ, தற்காலிக வீடோ, கழுவும் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றுங்கள். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி ஒரு சிறு பாத்தியில் வளரும். கொய்யா ஒன்று நடுங்கள். பயறு, கௌபி, சிறுமீன், முட்டை கிடைக்கும் நாளில் முதலில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் கொடுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷாவும் இரும்புச்சத்து மாத்திரையும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, நாளுக்கு நாலைந்து முறை கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்கக் கூடாது.

2. உறைப்பு, புளி, கொதிசூடு தவிர்த்து, கஞ்சி, இளநீர், தயிர் எடுங்கள். மணத்தக்காளிக் கீரையைப் பாற்சொதியாகக் காய்ச்சும் வழக்கம் எம்மிடம் உண்டு. நல்ல உணவு அது.

3. மென்மையான பிரஷால் பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள்.

4. வலி தாங்காவிட்டால் பரசிற்றமோல் அளவாக எடுக்கலாம். வாயில் பூசும் மருந்தை வைத்தியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

5. உதட்டுக் கொப்புளத்திற்கு அசைக்குளோவிர் களிம்பு உண்டு. குறுகுறுப்புத் தொடங்கியவுடன் பூசினால்தான் பயன். வெயிலில் போகும்போது தொப்பியோ முந்தானையோ முகத்திற்கு நிழல் தரட்டும்.

செய்யக் கூடாதவை

புண்ணில் சுண்ணாம்பு வைக்காதீர்கள். அஸ்பிரின் மாத்திரையை வாயில் அடக்கி வைக்காதீர்கள். இரண்டும் தசையை எரித்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் தடவாதீர்கள். உதட்டில் கொப்புளம் உள்ளவர் கைக்குழந்தையை முத்தமிடக் கூடாது. பெரியவருக்குச் சிறு தொல்லையான அக்கிருமி, பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

வயல்காரருக்கு ஒரு சொல்: தெளிகருவியின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். மருந்து பட்டால் வாய் வெந்துவிடும். பரகுவாட் களைநாசினி 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் தொடாதீர்கள். எந்த நாசினியாவது வாய்க்குள் போனால், “வாய் மட்டும்தான் எரியுது” என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்று கிழமைக் கணக்கு

அன்று சல்லியில் ஒரு வயோதிப ஐயா எங்கள் பேச்சைக் கேட்டபடி கடைசியில் இருந்தார். எல்லோரும் எழும்பிய பின், “எனக்கும் ஒன்று கிடக்குது, நோவில்லை” என்றார். கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலை அடக்கும் இடத்தில் புண். எத்தனை நாள் என்று கேட்டோம். “தைப்பொங்கலுக்கு முதலே” என்றார். அப்போது சித்திரை பிறந்து விட்டிருந்தது.

நோகும் புண்ணுக்குத்தான் நாம் பயப்படுகிறோம். ஆனால் சாதாரண வாய்ப்புண் நொந்தாலும் ஒன்று இரண்டு கிழமையில் ஆறிவிடும். மூன்று கிழமை கடந்தும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த தழும்பு, கழுத்தில் கட்டி, மூன்று விரல் நுழையாதபடி வாய் இறுகுதல், இவற்றில் நோவில்லாவிட்டாலும் காட்டியே தீரவேண்டும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தொடக்கத்தில் கண்டால் சுகப்படுத்தலாம்.

அரசாங்க வைத்தியசாலைப் பற்பிரிவில் காசின்றிப் பார்ப்பார்கள். பிள்ளை தண்ணீரும் குடிக்காமல் காய்ச்சலோடு இருந்தாலோ, நீரிழிவுக்காரருக்கு வாய் வெள்ளை படிந்தாலோ மூன்று கிழமை பார்த்திராமல் அன்றே போங்கள்.

அந்த ஐயா, “பஸ்ஸுக்குக் காசு செலவழித்துப் போக இது என்ன பெரிய காயமா?” என்று தயங்கினார். அடுத்த நாட்காலை அவரது மகள் அவரைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படி ஒருவர் பேசாமல் இருக்கக்கூடும். இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.