வண்டி முடங்கினால் வருமானமும் போச்சா? கொடுமுடி வியாபாரிகளே, லாரிக்காரரை விடாதீர்கள்!

சாலைப்புதூர் ஏலத்துக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் வேன் மீது லாரி மோதிவிட்டதா? ரிப்பேர் செலவை, முழு பாலிசி இருந்தால் சொந்த இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். வேன் பட்டறையில் கிடந்த நாட்களின் வருமானம்? வாடகை வண்டிக்கு அழுத பணம்? சாதாரண பாலிசியில் அதெல்லாம் வராது.

"தலையெழுத்துங்க" என்று உட்கார்ந்துவிடுகிறவர்களே அதிகம். குற்றம் லாரிமேல் என்றால், உரிமையாளர், அவரது இன்சூரன்ஸ் கம்பெனி இருவர் மீதும் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். விபத்து எந்த ஊரில் நடந்தாலும், கடை கொடுமுடி என்றால் ஈரோட்டிலேயே மனு போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம்!

"வண்டிச் சேதம் சரி, வருமானத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று கம்பெனி வக்கீல் மல்லுக்கட்டுவார். அதற்குத்தான் லாரிக்காரரையும் சேர்ப்பது. பில் புத்தகம், எடைச் சீட்டு, வாடகை ரசீது பத்திரம். வேன் பட்டறைக்குப் போன தேதி, திரும்பிய தேதி இரண்டையும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கியாச்சா?