பசையும் தாளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

எழுத்தைத் தாங்கும் பொருள்களுள் கல்லும் செம்பும் வலியவை; ஓலையும் தாளும் மெலியவை. ஆயினும் தமிழர் தம் அறிவின் பெரும்பகுதியை மெலிய பொருள்களிடமே ஒப்படைத்தனர். திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள எங்கள் மேல்சித்தாமூர் இதற்கு ஒரு நல்ல சான்று. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இவ்வூரில்தான் உள்ளது. பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைக் காண வருவோர் பலர். மடத்தில் ஏட்டுச்சுவடிகள் இருப்பதை அறிந்தோர் சிலரே.

இக்காலத்தில் எதற்கும் ஸ்டிக்கர் என்றாகிவிட்டது. நூலகத்தில் நூல் எண், அலுவலகத்தில் கோப்பு எண், ஆய்வகத்தில் பெட்டிப் பெயர் எல்லாமே வினைல் சீட்டுகள். பிளக்ஸ் அச்சிடும் கடையில் சொன்னால் மாலைக்குள் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணாடியிலும் இரும்பிலும் இவை ஒட்டினால் குற்றமில்லை. மெல்லிய தாளிலும் அட்டையிலும் ஒட்டினால் என்ன ஆகிறது? இக்கேள்விக்கு வேதியியல் தரும் விடையை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாள் என்பது யாது?

தாள் ஒரே துண்டான பொருள் போலத் தோன்றினும் உண்மையில் அது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். நீரில் கரைத்த கூழ் சல்லடையில் படிந்து உலரும்போது இழைகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. இழைகள் படுக்கை வாட்டில் கிடப்பதால் தாளைப் பக்கவாட்டில் இழுத்தால் ஓரளவு தாங்கும். மேற்பரப்பைச் செங்குத்தாக மேல்நோக்கி இழுத்தால் எளிதில் உரிந்துவிடும். அட்டையோ பல அடுக்குகளால் ஆனது. அதன் மேலடுக்கு மட்டும் தோல் போல உரியும். வழவழப்பான அட்டைப்பெட்டியில் களிமண் பூச்சு ஒன்றும் உண்டு. அந்தப் பூச்சு அட்டையைப் பற்றியிருக்கும் வலிமையைவிடப் பசையின் பிடிப்பு மிகுந்தால், சீட்டை எடுக்கும்போது பூச்சும் உடன் வந்துவிடும்.

இன்னொன்று, தாள் மூச்சு விடும் பொருள். ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி விரியும். சித்திரை வெயிலில் சுருங்கும். இழையின் நீளவாக்கில் இவ்விரிவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம்.

வினைல் சீட்டின் அமைப்பு

வினைல் சீட்டு மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே பாலிவினைல் குளோரைடு படலம். நடுவில் அழுத்தினால் ஒட்டும் பசை. அடியில் சிலிக்கோன் பூசிய தாள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925இல் வண்ணம் பூசுவோருக்கான ஒட்டுநாடாவையும், 1930இல் நாம் செல்லோடேப் என்று அழைக்கும் ஒளிபுகு நாடாவையும் உருவாக்கினார். ஸ்டான் ஏவரி என்பவர் 1935இல் தாமே ஒட்டும் லேபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நீரோ, நக்குதலோ, சூடோ வேண்டாது விரல் அழுத்தத்தாலேயே ஒட்டுவதுதான் இவற்றின் புதுமை.

பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய நெகிழ்வூட்டி என்னும் எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். இப்பொருள் காலப்போக்கில் படலத்தை விட்டு வெளியேறிப் பசைக்குள்ளும், அதன் வழியே தாளுக்குள்ளும் செல்லக்கூடும். மேலும் வினைல் ஈரத்தால் விரிவதில்லை. தாள் விரிந்து சுருங்க, மேலிருக்கும் வினைல் அசையாதிருக்க, இரண்டிற்கும் நடக்கும் இழுபறியில் மெல்லிய தாள் சுருண்டுகொள்கிறது.

பசையின் வாழ்க்கை

பசை ஒட்டிய அன்றோடு தன் வேலையை முடித்துக்கொள்வதில்லை. அது முழுத் திண்மமும் அன்று, முழு நீர்மமும் அன்று. மிக மெதுவாக ஒழுகும் இயல்புடையது. நாள் செல்லச் செல்ல இழைகளின் இடுக்குகளில் இறங்கிப் பிடியை இறுக்குகிறது. இன்று ஒட்டிய சீட்டு இன்றே எளிதாக வருவதும், ஆறு திங்கள் கழித்து வர மறுப்பதும் இதனாலேயே. வெப்பம் இவ்வொழுக்கத்தை விரைவுபடுத்தும். நம் பகுதியின் கோடை எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர் வகைப் பசை ஆக்சிஜனோடு வினைபுரிந்து முதலில் குழைந்து எண்ணெய் போலாகித் தாளுக்குள் ஊறும். பின்னர் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து கெட்டியாகிப் பழுப்பேறும். இறுதியில் நாடா தானே உதிர்ந்துவிடும். கறை மட்டும் நிலைத்துவிடும். அக்ரிலிக் வகைப் பசை இத்தனை விரைவில் பழுப்பதில்லை. ஆனால் தாளுக்குள் இறங்கும் குணம் அதற்கும் உண்டு.

இதன் விளைவை எங்கள் தெருவிலேயே கண்டேன். ஒரு குடும்பத்தார் தம் நிலப் பத்திரம் மடிப்பில் கிழிந்தபோது ஒரு கடையில் கொடுத்து நாடா ஒட்டி வாங்கினர். பல ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது நாடா உதிர்ந்து, சர்வே எண் இருந்த வரியின் மேல் பழுப்புப் பட்டை ஒன்று கிடந்தது. எண்ணை யாராலும் படிக்க முடியவில்லை. பதிவு அலுவலகத்தில் நகல் எடுக்க அவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாதபோது, இருக்கும் ஒரு தாள்தான் அவர்களுக்கு வழக்கறிஞரும் சாட்சியும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்துள்ள என் போன்றோர் வீடுகளில் இது எத்துணை உண்மை என்பதை நண்பர்கள் பலரும் அறிவர்.

ஒரு சிறு சோதனை

சென்ற கோடை விடுமுறையில் ஒரே வகை வினைல் சீட்டை நான்கு பரப்புகளில் ஒட்டி வீட்டுப் பரணில் ஒரு திங்கள் வைத்தேன். செய்தித்தாளில் ஒட்டியது எடுக்கும்போது தாளைக் கிழித்துக்கொண்டு வந்தது. பழுப்பு அட்டைப்பெட்டியில் ஒட்டியது மேலடுக்கை மெல்லிய தோலாக உரித்தது. குறிப்பேட்டு அட்டையில் வண்ணப் பூச்சு திட்டுத்திட்டாக வந்தது. பிளாஸ்டிக் மேலுறை போட்ட நூலட்டையில் மட்டும் சீட்டு முழுதாக வந்தது. சிறிது பிசுபிசுப்பே எஞ்சியது. பரப்பின் வலிமையே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஒட்டும் முறை

அட்டைப்பெட்டி, கோப்பு உறை போன்றவற்றில் வினைல் ஒட்டியே ஆகவேண்டும் எனின் பின்வருவன உதவும்.

1. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குக. ஈரத்துணி ஆகாது. கண்ணாடியில் ஒட்டுவோர் தெளிக்கும் சோப்பு நீரும் தாளுக்கு ஆகாது.

2. மறைவான மூலையில் சிறு துண்டை ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்க்க. இழை எழும்பினால் அப்பரப்பு வினைலுக்கு உரியதன்று.

3. 'எடுக்கக்கூடியது' என்று விற்கப்படும் குறைந்த பிடிப்புள்ள சீட்டையே வாங்குக. பிடிப்பு மிகுதி எனின், பசைப்பக்கத்தைத் தூய பருத்தித் துணியில் ஓரிரு முறை தொட்டு எடுத்தால் சற்றுத் தணியும்.

4. அடித்தாளை முழுவதும் உரிக்காதீர். ஓர் ஓரத்தில் விரற்கடை அளவு உரித்து அதை முதலில் பொருத்துக. பின் ஒரு கையால் அடித்தாளை இழுத்துக்கொண்டே மறுகையால் துணிகொண்டு நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவுக.

5. சீட்டை இழுத்து நீட்டி ஒட்டாதீர். நீட்டிய வினைல் தன் பழைய அளவுக்குத் திரும்ப முயன்று ஓரங்களைத் தூக்கும், அட்டையையும் வளைக்கும்.

6. மூலைகளை வட்டமாக வெட்டுக. கூர்மூலையே முதலில் எழும்பும்.

எடுக்கும் முறை

அவசரம் தாளுக்குப் பகை. சீட்டை நேர்மேலே இழுப்பது பெரும்பாலோர் வழக்கம். அது தாளின் மிக மெலிந்த திசையில் விசை செலுத்துவதாகும். சீட்டைப் பின்னோக்கி மடித்துத் தாளோடு தாளாக இழுப்பதே நன்று. நீளாத படலம் ஒன்றை 90 பாகையில் உரிக்கத் தேவையான விசையில் பாதியே 180 பாகையில் உரிக்கப் போதும் என்பதை இயற்பியல் வகுப்பு நண்பர்கள் கணக்கிட்டே காட்டுவர். விரைவாக இழுத்தால் பசை விறைத்துப் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் குழைந்து விடும். தலைமயிர் உலர்த்தும் கருவியின் இளஞ்சூடு இதற்குத் துணைசெய்யும். இழை எழும்பக் கண்டால் உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குக. பெட்ரோல், தின்னர் முதலியவை பசையைக் கரைத்துத் தாளுக்குள்ளேயே பரப்பிவிடும். தீ அபாயமும் உண்டு. அவற்றை நாடாதீர்.

ஒட்டவே கூடாத இடங்கள்

பழைய நூல்கள், பத்திரங்கள், சான்றிதழ்கள், புகைப்படங்கள் ஆகியவற்றில் வினைலும் நாடாவும் படவே கூடாது. நூலுக்கு எண் வேண்டின் நல்ல தாளில் எழுதி, மாச்சத்துப் பசையால் ஒட்டலாம். கோதுமை மாவிலிருந்து புரதத்தை நீக்கிய மாச்சத்தைக் காய்ச்சிய பசையே உலகெங்கும் நூல் காப்போர் விரும்புவது. காரணம் யாது? நீர் பட்டால் அது மீண்டும் இளகும். செய்ததைத் தாளுக்குத் தீங்கின்றி மாற்ற இயல வேண்டும் என்பதே காப்புக் கலையின் முதல் விதி. பூச்சி வராதிருக்க நம் பைண்டிங் தொழிலாளர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. செப்பு அயனிகள் செல்லுலோஸின் சிதைவைத் தூண்டுவதால், நெடுநாள் வாழவேண்டிய தாளுக்கு அது ஏற்றதன்று. படிகாரமும் அமிலத்தன்மை தருவதால் தவிர்க்கத்தக்கது. பசையை மெல்லியதாகப் பூசி, நூலை உலர்வாக வைத்துப் பூச்சியைத் தடுப்பதே சிறந்தது.

இன்னும் எளிய வழி, நூலில் ஒட்டாமல் நூலின் உறையில் ஒட்டுவது. பத்திரத்தை ஒரு தாள் உறையிலிட்டு அதன்மேல் எழுதினால், உறை பழுதானாலும் பத்திரம் பிழைக்கும்.

ஓலைச்சுவடிக்கோ எந்தப் பசையும் வேண்டாம். நம் முன்னோர் ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டினர், துணியில் பொதிந்தனர். பெயர்ச்சீட்டு வேண்டின் அக்கயிற்றிலேயே கட்டித் தொங்கவிடலாம். ஒட்டாமல் கட்டுவது என்னும் இம்முறையில் அவிழ்க்க ஒரு நொடி போதும். ஓலைக்கு ஒரு கீறலும் இல்லை. இன்றைய காப்பு அறிவியல் வலியுறுத்தும் விதியை அன்றைய கயிறு தானாகவே கடைப்பிடித்தது!

முடிவுரை

திருத்தக்கதேவர் என்னும் சமணப் புலவரின் சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் அச்சிட்டு வெளியிட்டார். பல நூறு ஆண்டுகள் அந்நூலை உயிரோடு வைத்திருந்தவை பனையோலைகளும், அவற்றைப் படியெடுத்தும் பேணியும் வந்த பெயரறியாத கைகளுமே ஆகும். சென்னையில் 1869இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்றவை அப்பணியை இன்றும் தொடர்கின்றன. ஆனால் எல்லா எழுத்தும் பெரிய நூலகங்களில் இல்லை. நம் வீட்டுத் தகரப்பெட்டியிலும், ஊர் நூலக அலமாரியிலும், கல்லூரித் துறை அலுவலகத்திலும் உள்ளவற்றுக்கு நாமே காவலர்.

ஆகவே நண்பர்களே, கையில் ஸ்டிக்கரை எடுக்கும்போது ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: இதை நாளை ஒருவர் எடுக்க நேர்ந்தால், அடியில் உள்ள எழுத்து அவருக்குக் கிடைக்குமா? கிடைக்கும் எனின் ஒட்டுவோம். ஐயம் எனின் உறையிலிடுவோம், கயிற்றில் கட்டுவோம்.