மறதி நோயும் ஓர் ஆய்வாளரின் பயணமும்

வயதான தாய் ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டால், "இப்பதானே சொன்னேன்" என்று சலித்துக்கொள்கிறோம். அது அல்சைமர் என்னும் மூளை நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். செம்பாக்கத்திலும் இத்தகைய முதியோர் நம்மிடையே வாழ்கின்றனர்.

மூளைச் சிதைவு நோய்களை ஆராய்வதற்கே தம் வாழ்வை அர்ப்பணித்தவர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். பெங்களூரு நிம்ஹான்சில் பணியாற்றிய இவர், மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநர் ஆவார். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியைத் தொடர்ந்தார். 2010ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2012இல் வெளியான ஆய்வில் இவரது குழுவினர், அல்சைமர் பாதிப்புள்ள சுண்டெலிகளுக்கு அமுக்கரா வேர்ச்சாறு கொடுத்தனர். நினைவாற்றல் மேம்பட்டது. வியப்பு என்னவெனில், மருந்து செயல்பட்ட இடம் கல்லீரல். அங்கே ஒரு புரதம் பெருகி, மூளையில் படிந்த அமிலாய்டை இரத்தத்தின் வழியே வெளியேற்ற உதவியது.

எனினும், இது சுண்டெலிகளில் கண்ட பலனே. எனவே அமுக்கராப் பொடியை நாமாக வாங்கிக் கொடுக்காமல், மறதி தொடங்கும்போதே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்போம்.

நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பொறுமையோடு தேடுகிறார்கள். ஐந்தாம் முறை கேட்கும் தாய்க்குப் பொறுமையோடு பதில் சொல்ல நம்மால் இயலாதா? சிந்திப்போம்.